மேலாளரின் தாடியில் இருநூற்று முப்பது டிகிரி

1

ஒரு தங்கும் விடுதியின் மேலாளருடைய தாடிக்கு, அவருடைய வரவேற்பறையிலேயே, நாற்பது விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய முழுச் சம்மதத்தோடு நான் இஸ்திரி போட்டேன்.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. ஏதோ ஜன்னலோர மழையில் உதித்தது என்று அளந்துவிடலாம். ஆனால் எனக்குப் பொய் வராது.

(எழுதியதை என் நாத்தனாரிடம் கொடுத்தேன். பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். மின்கட்டண ரசீதைக்கூடச் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பாள். மேலே உள்ள பத்தியின் ஓரத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: "நடக்கல அண்ணி. சுத்தப் புளுகு. பொய் வராதாம்!" அவள் குறிப்புகளையும் அடிக்காமல் விடுகிறேன்.)

2

தொடக்கத்தை மாற்றிப் பார்க்கிறேன்.

"என் மகளின் கூந்தல் கார்மேகம் போல—"

வேண்டாம். அவளுக்குச் சுருட்டை முடி. உள்ளே போன சீப்பு வெளியே வர வழி கேட்கும். விடுதியின் முன்மேசையில் நின்று மூன்று மொழிகளில் வரவேற்பாள். சண்டைக்கு வந்த விருந்தினரைச் சிரிக்க வைத்து அனுப்புவாள். அந்த மேசைதான் அவளுக்கு உயிர்.

புதிய மேலாளர் வந்தார். முன்மேசைப் பெண்களுக்கு முடி நேராக இருக்க வேண்டும் என்று ஒரு தாளை ஒட்டினார். பணியாளர் அறையில் ஒரு ஸ்ட்ரெய்ட்னரும் வைத்தார். அதில் ஒரே பொத்தான், ஒரே சூடு: இருநூற்று முப்பது டிகிரி. மூன்றே மாதத்தில் மகளின் தலை காய்ந்த துடைப்பமாயிற்று. தலையணையெல்லாம் ஒடிந்த துண்டுகள். ஒரு நாள் காதோரம் ஒரு கொத்து அப்படியே கையோடு வந்தது. அழுதுவிட்டு, இயந்திரத்தைத் தொடுவதை நிறுத்தினாள்.

"திங்கக்கிழமைக்குள்ள நேராக்குங்க. இல்லன்னா கீழ சலவை அறையில விரிப்பு மடிக்கப் போங்க" என்றார் மேலாளர்.

(இந்த மேலாளர் அப்பட்டமான வில்லனாக இருக்கிறாரே என்று எனக்கே சந்தேகம். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பவராக ஒரு பத்தி எழுதினேன். எழுதும்போதே பற்றிக்கொண்டு வந்தது, அடித்துவிட்டேன். இன்னொன்று சொல்ல மறந்தேன்: அவருக்கே கழுத்து வரை சுருட்டைத் தாடி!)

3

நான் துணி ஆலையின் சோதனைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவள். எந்தத் துணியையும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிச் சூடு வைத்துப் பார்க்காமல் முழுத் துணிக்கு இஸ்திரி காட்டியதில்லை. அது எங்கள் வேதம்.

சனிக்கிழமை மகளை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விற்பனையாளர் ஒரு பெட்டியை நீட்டினார். "வறண்ட, சேதமான முடிக்கு மிக உகந்தது" என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

"எத்தனை டிகிரி?"

"எரநூத்திமுப்பதும்மா. சட்டுனு சூடாயிடும்."

"குறைக்க முடியுமா?"

"எதுக்குக் குறைக்கணும்?"

வாசகரே, எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடையின் விளக்குகள் மூன்று முறை அணைந்து எரிந்தன. ("மின்தடை" – நாத்தனார்.) வெந்த புண்ணுக்கு உகந்த வேல் என்று தங்க எழுத்தில் போட்டு விற்பார்களா?

கடைசியில் தேடிப் பிடித்தேன். சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம், தட்டு வழவழப்பான பீங்கான் பூச்சு, விளிம்பு உருண்டை, முடியைக் கடித்து இழுக்காது. வீட்டில் ஓரத்தில் ஒரு கொத்தை மட்டும் நன்றாக உலர்த்தி, நூற்றைம்பதில் ஒரே ஒரு இழுப்பு. ஒடியவில்லை. ஆனால் மதியத்துக்குள் மறுபடி சுருண்டுவிட்டது. நூற்றெண்பதில் நின்றது, ஆனால் நுனி ஒடிந்தது.

மகள் அந்த நுனியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நேரா நிக்கிற சூட்டுல முடி நிக்காது. முடி நிக்கிற சூட்டுல நேரா நிக்காது. விடும்மா, விரிப்பு மடிக்கிறேன்."

விடுவதாவது!

4

திங்கட்கிழமை காலை நானும் போனேன். பணியாளர் அறை ஸ்ட்ரெய்ட்னரை எடுத்து வந்து முன்மேசையில் மின் இணைப்புக் கொடுத்தேன். மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். மேலாளர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது, விருந்தாளிங்க நிக்கிறாங்க!"

"இது முடியைக் கருக்குது சார்."

"யார் சொன்னது? ரெண்டு நிமிஷ வேலை. ஒண்ணும் ஆகாது. வேணும்னா என் தாடியிலயே போட்டுக் காட்டறேன்."

"காட்டுங்க."

அவர் சிரித்தார். பெட்டியும் கையுமாக நின்ற விருந்தினர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவரால் எப்படிப் பின்வாங்க முடியும்? மோவாயை நீட்டினார். நான் ஓரத்தில் ஒரு சிறு கொத்தை மட்டும் சீப்பில் எடுத்து, தோலில் படாமல்—

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தேவையில்லை. அதை நாற்றமே முடித்து வைத்தது. ஒரு குழந்தை சத்தமாகக் கேட்டது: "அம்மா, என்ன கருகுது?")

5

இனி முடிவு. மேலாளர் தாளைக் கிழித்து மகளின் காலடியில் போட்டார் என்று எழுதினேன். அடித்தேன். மகள் வேலையை உதறிவிட்டுக் கம்பீரமாக வெளியேறினாள் என்று எழுதினேன். அவளுக்கு அந்த மேசைதானே வேண்டும், அதையும் அடித்தேன். சலவை அறை என்று எழுதக் கை வரவில்லை.

உண்மை எனக்கே தெரியாது. அன்று என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனவள், "ஒரு வாரத்துக்கு என் வேலையைப் பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். ஆகவே முடிவை நான் எழுத மாட்டேன். என்னை நம்பாதவர் யாரோ அவரே விசாரித்து எழுதிக்கொள்ளட்டும். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

*

அண்ணி, நேத்து நானே போய்ப் பார்த்தேன். உங்க பொண்ணு முன்மேசையிலதான் நிக்கிறா. சுருட்டை முடியை அப்படியே வாரிக் கட்டியிருக்கா. சுவத்துல புதுத் தாள்: "முடி சுத்தமாக, வாரிக் கட்டியிருந்தால் போதும்." மேலாளர் மொழுமொழுன்னு மழிச்சிருக்கார். தாடி என்னாச்சு சார்னு கேட்டேன். "நீங்க அந்தம்மாவுக்குச் சொந்தமா?"ன்னு ரெண்டு அடி பின்னாடி போயிட்டார். நாப்பது பேர் இல்ல, ஆறு பேர்தானாம். அதை மட்டும் திருத்துங்க. மத்தபடி, நடந்திருக்கு அண்ணி.