தேய்க்காத பச்சை

நடுக்கோடையில் வரும் லீகோ திருவிழா அன்று காலை, நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். உள்ளே இருந்தது எங்கள் லீவ் பழங்குடிப் பெண்ணின் மார்பணி இல்லை.

கௌயா ஆற்றங்கரைக் கல்லறையில் அவளோடு கிடைத்தது அது. ஆமை ஓடு மாதிரி இரண்டு வெண்கல ஊக்குகள், அவற்றை இணைக்கும் சங்கிலி வரிசைகள், நுனியில் குட்டி வாத்துகள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்து, அவள் காலத்திலேயே யாரோ கம்பி சுற்றி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கம்பி என்றால் உயிர். பெட்டிக்குள் இருந்ததில் அதைக் காணோம்.

"வில்னிஸ்!"

நகல்களை வார்ப்பவர் காப்பிக் கோப்பையோடு வந்தார். "நேத்து கண்ணாடி மாத்தும்போது ரெண்டும் மேஜை மேலதான் கெடந்துச்சு. என் நகலுக்கும் பழசு மாதிரி பச்சைக் களிம்பு ஏத்தியிருந்தேன். அச்சு அசலா இருக்குன்னு நீதானே பாராட்டினே?"

"அப்போ அசல் எங்கேய்யா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நகலோட நகலா பாட்டுக்குழு பெட்டியில போயிருக்கும்."

அந்தக் குழுவை நடத்துபவள் நான்தான். எங்கள் நகல்களை அணிந்துதான் பெண்கள் பாடுவார்கள். ஒவ்வொரு லீகோ காலையிலும், குழுவில் பாடும் பிருதா வீட்டு முற்றத்தில், புளித்த முட்டைக்கோஸ் தண்ணீரில் முக்கி எல்லாவற்றையும் தேய்ப்பார்கள். கண்ணைப் பறிக்க வேண்டும் என்பது என் கட்டளை. அந்தப் புளிப்பு பட்டால் தொள்ளாயிரம் வருஷத்துப் பச்சை போயே போச்சு. அந்தப் பச்சையில்தான் அவள் கம்பளி உடையின் இழைகள் ஒட்டியிருக்கின்றன. அவள் உடுத்தியதில் மிச்சம் அவ்வளவுதான்.

ஓடினேன். போகிற வழியில் ஃபோன் அடித்தேன், ஒருத்தியும் எடுக்கவில்லை.

முற்றத்தில் ஒரே பாட்டும் சிரிப்புமாக இருந்தது. தலையில் காட்டுப்பூ மாலை, மடியில் மஞ்சளாகப் பளபளக்கும் ஊக்குகள்.

"நிறுத்துங்கடி! கையை எடுங்க!"

"வந்துட்டாடி மகாராணி," என்றாள் பிருதா. "போன வருஷம் பளபளப்பு பத்தலைன்னு கத்தினே. இப்போ ஜாஸ்தியாயிடுச்சா?"

ஒவ்வொருத்தி மடியிலிருந்தும் பிடுங்கிச் சங்கிலியைத் தடவினேன். எதிலும் ஒட்டுக்கம்பி இல்லை.

"மிர்ட்சா எங்கே?"

"ஆப்பிள் மரத்தடியில. கிண்ணம் நிறையத் தண்ணி எடுத்துட்டுப் போய் ரொம்ப நேரமாச்சு. இந்நேரம் தேய்ச்சு முடிச்சிருப்பா."

அழுகையே வந்துவிட்டது. மிர்ட்சா என்றால் எங்கள் மொழியில் மின்னுபவள். அந்தப் பேரை வைத்து வருஷா வருஷம் அவள் மானத்தை வாங்குவேன். "பேருதான் மின்னுது, ஊக்கு மின்னலையே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிக் கடைசி வரிசைக்குத் தள்ளுவேன். இந்த வருஷமாவது ரோஷம் வந்து தேய்த்திருப்பாளே!

மரத்தடிக்குப் போனேன். மிர்ட்சா புல்லில் மல்லாந்து கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிண்ணம் ததும்பத் ததும்ப அப்படியே இருந்தது. அவள் மார்பில் அந்த ஊக்குகள், பாசிப் பச்சையாக. அவள் மூச்சு விட விட, ஒட்டுப்போட்ட கண்ணி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் அது அசைந்து நான் பார்த்ததே இல்லை.

கிண்ணத்தைத் தூரமாக நகர்த்திவிட்டு, அவள் பக்கத்தில் மண்டியிட்டு, ஊக்கை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இழைகள் பத்திரமாக இருந்தன.

மிர்ட்சா பதறி விழித்தாள். "திட்டாதே வெல்கா! போட்டுப் பார்த்தேன், அப்படியே கண்ணசந்துட்டேன். இதோ தேய்ச்சுடறேன், பளபளன்னு..."

"தேய்ச்சே, கொன்னுடுவேன்!" என்று கத்தி, அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன்.

"ஏன்டி, குடிச்சிருக்கியா?"

அசல் கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பியது. சாயங்காலம் வில்னிஸின் பச்சை நகலை மிர்ட்சா அணிந்துகொண்டாள். தேய்க்க நான் விடவில்லை. முதல் வரிசை நடுவில் நிறுத்தினேன்.