செல்லி தரையில் இறக்கிய மூட்டை

1

இந்தக் கதை ஒரு கேஸ் சிலிண்டரிலிருந்து வந்தது. போன வாரம் அதைக் குனிந்து தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. "முட்டிய மடக்கிக் குந்தி, பொருள வயித்தோட அணைச்சு, காலால எந்திரிக்கணும் சார். முதுகு வளையவே கூடாது" என்றார் டாக்டர். குப்புறப் படுத்தபடிதான் எழுதுகிறேன். வலியைவிட, அடுத்த முறை குனியும்போது என்ன ஆகுமோ என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது. அந்தப் பயத்தை வேறு யார் தலையிலாவது ஏற்றிவிடலாம் என்று பார்த்தேன்.

(எழுதுகிறவன் புத்தி வேறெப்படி இருக்கும்?)

2

முதல் தொடக்கம்: "1942. வத்தல்மலை மல்லையன் தூக்காத மூட்டை இல்லை. ஒருநாள் பொம்மிடி ஸ்டேஷனில் அவன்—"

வேண்டாம். மல்லையனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவன் மனைவி செல்லியை எடுத்துக்கொள்கிறேன்.

மாசி மாதம். விடிந்தும் பனி விலகவில்லை. ரயிலுக்குப் போகும் புளிமூட்டையைத் தலையில் வைத்துச் செல்லி மலையிறங்குகிறாள். அவளுக்கு ஐந்து மாதம். கூட வந்த நாத்தனார் குள்ளம்மாள் முன்னால் போய்விட்டாள்.

இந்தப் பாதையில் தலைச்சுமையை யாரும் தனியாகத் தூக்குவதில்லை. எதிரே வருபவர் யாரானாலும் ஒரு கை தூக்கிவிட வேண்டும். ஆள் வராத இடத்துக்குத்தான் சுமைதாங்கிக் கல். நெஞ்சு உயரம் இருக்கும். குனியாமல் இறக்கலாம், குனியாமல் ஏற்றலாம். சுளுக்கு, பிடிப்பு என்ற பேச்சே இல்லை.

செல்லி மட்டும் அதில் இறக்க மாட்டாள்.

3

பிள்ளைத்தாச்சியாகச் செத்தவளின் பாரம் இறங்கட்டும் என்றுதான் சுமைதாங்கி நடுவார்கள். இந்தக் கல் மல்லையனின் முதல் மனைவி முனியம்மாளுக்கு நட்டது.

"அக்கா எப்புடிப் போனாங்க மாமா?" என்று செல்லி ஒருமுறை கேட்டாள்.

"நேரமாவுது, கெளம்பு" என்றான் மல்லையன்.

(முனியம்மாள் காய்ச்சலில்— அடித்துவிட்டேன். சுமை தூக்கும்போது— அதையும் அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் அது செல்லிக்கும் வந்துவிடுமோ என்று அந்த இடத்தை வெற்றாகவே விட்டுவிட்டேன்.)

"பெரியண்ணி தாங்கும், வெய்யி அண்ணி" என்பாள் குள்ளம்மாள்.

"நீ வேணா வெய்யி. என் வயித்துல இருக்கறத அவளுக்குக் காட்ட மாட்டேன்."

4

கழுத்து நரம்பு இழுத்துக்கொள்ள, செல்லி கல்லைத் தாண்டி வந்து மூட்டையைத் தரையிலேயே தள்ளிவிட்டாள். இறக்கியது இறக்கியாயிற்று, இனி எப்படி ஏற்றுவது? முறை அவளுக்கும் தெரியும். குந்தி உட்கார்ந்து, மூட்டையை வயிற்றோடு அணைத்து... வயிற்றில்தான் பிள்ளை இருக்கிறதே! தள்ளிப் பிடித்தாலோ முழுப் பாரமும் இடுப்பில் இறங்கும்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். தூக்கினாள், ஒன்றும் ஆகவில்லை: நானே நம்பவில்லை. தூக்கினாள், இடுப்பில் சுருக்கென்று— இதற்குமேல் எழுத எனக்குத் தைரியமில்லை. குள்ளம்மாள் திரும்பி வந்தாள் என்று எழுதலாம். ஆனால் அவளை முன்னால் அனுப்பியவன் நான்தான். இனி கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. நானே போய்த் தூக்கிவிடலாமென்றால், என் இடுப்பு இருக்கும் லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

5

பனிக்குள் யாரோ வருகிறார்கள். நீங்கள்தான். இந்தப் பாதையில் இப்போது வேறு யாரும் இல்லை.

"ஆருங்க அது? ஒரு கை தூக்கி வுடுங்க."

நீங்கள் கல் இருக்கும் பக்கத்திலிருந்து வருகிறீர்கள். அவளுக்கு ஓர் உருவம்தான் தெரிகிறது.

"பேசிக்கிட்டே வாங்க... ஏன் பேச மாட்டேங்கறீங்க? அக்கா... நீங்களா?"

இந்தக் கதையில் ஒரு சொல்லைக்கூட நீங்கள் வாய்விட்டுப் படிக்கவில்லை. அது உங்கள் குற்றமில்லை, எல்லோரும் அப்படித்தான் படிக்கிறோம். ஆனால் செல்லி மிரண்டுபோய், தானே தூக்கிக்கொண்டு ஓட மூட்டையைப் பிடித்துவிட்டாள். முட்டி மடங்கவில்லை. முதுகு வளைந்துவிட்டது. மூட்டை இன்னும் தரையை விட்டு எழவில்லை.

வாய்விட்டு ஏதாவது சொல்லுங்கள்.