இங்கி என்றால்

அக்டோபர் 14, செவ்வாய்.

இன்று ஒரு சிறிய தவறு தெரியவந்தது. ‘சிறிய’ என்று எழுதிவிட்டேன். அது சரிதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நேற்று முதலாளியம்மா இபு வுர்யானி என்னை மொத்த விற்பனைச் சந்தைக்கு அனுப்பினாள். நான் வேலை பார்க்கும் அவளுடைய மளிகைக் கடைக்கு இவ்வளவு நாளும் அவளேதான் சரக்கெடுத்தாள். முழங்கால் வலியால் இந்த வாரம் நான். ஊரெங்கும் எண்ணெய்த் தட்டுப்பாடு. எங்கள் தெரு லஸ்மி அக்காவின் மகள் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. விருந்துக்கான எண்ணெயை எங்களிடம் சொல்லியிருந்தாள். மொத்தக் கடைக்காரர் பாக் சுகிமினிடம் எண்ணெய்ப் பெட்டிகளை எடுத்து வைக்கச் சொன்னேன். அவர் சிரித்த முகத்தோடு, “இங்கி, இங்கி” என்றார். இந்த ஊர்ப் பேச்சில் ஆமாம் என்றுதானே பொருள்? திரும்பும் வழியிலேயே லஸ்மி அக்காவிடம் எண்ணெய் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று தெருமுனை சூப்பர் மார்க்கெட்டிலும் பதிந்து வைத்திருந்ததை அவள் உடனே வேண்டாம் என்றாள்.

இன்று வண்டியில் சர்க்கரை வந்தது, நூடுல்ஸ் வந்தது. எண்ணெய் இல்லை.

“என்ன சொன்னார் அவரு? இங்கின்னாரா, சகெட்னாரா?” என்று கேட்டாள் இபு வுர்யானி.

“இங்கின்னார்.”

“போச்சு. நீ சொன்னது காதுல விழுந்துச்சுன்னா இங்கி. தர முடியும்னாத்தான் சகெட். உங்க ஊர்ல, தோபா ஏரிப் பக்கம், மேசையத் தட்டி ஆமாம்பீங்க, இல்லேம்பீங்க. இங்க யாரு இல்லன்னு சொல்லுவா?”

ஏரிக்கரையை விட்டு இந்தச் சோலோ நகரத்துக்கு வந்து நான்கு வருடமாகிறது. இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

அவள் சுகிமினுக்குப் போன் செய்தாள். அவர் முழங்கால் வலியை விசாரித்தார். மழையைப் பற்றிப் பேசினார். எண்ணெய் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

கடையை என்னிடம் விட்டு இபு உள்ளே போன நேரம் பார்த்து லஸ்மி அக்கா வந்தாள்.

“ஏம்மா தியூர், கெருப்புக் அப்பளமெல்லாம் நல்லா காஞ்சிருச்சு. பொரிக்க ஆளும் சொல்லியாச்சு. எண்ணெய் நாளைக்கு வந்துருமில்ல?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இங்கி” என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் என்னைத் தாண்டி எண்ணெய் அடுக்கும் பலகைக்குப் போயின. அது வெறுமையாக இருந்தது.

“இங்கி” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளிருந்து இபுவின் குரல் வந்தது. “இப்பதான்டி நீ சோலோக்காரி ஆயிட்ட.”

மாலை வகுப்புக்குப் போகும்போது லஸ்மி அக்கா வீட்டைக் கடந்தேன். முற்றம் முழுக்க முறங்களில் பொரிக்காத அப்பளம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் ஒவ்வொரு முறமாக உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள், எதுவும் நடக்காததுபோல.

நாளை: சந்தை திறக்கும்போதே சுகிமின் கடை வாசலில் நிற்க வேண்டும். அவர் வாயிலிருந்து ‘சகெட்’ வரும்வரை வண்டியைக் கிளப்பக் கூடாது. வராவிட்டால், நேராக லஸ்மி அக்கா வீட்டுக்குப் போய் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும்.