கட்டி இல்லை

ஓடிக்கொண்டிருந்தாள் எவலின், கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இறங்கும் படிகளில், புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, ஒன்பதரைக்குச் சர்ச்சில் சாட்சி சொல்ல வேண்டும், இப்போதே ஒன்பது இருபத்தெட்டு, இன்றைக்கென்று பார்த்தா ரவாங் ரயில் லேட்டாகணும்… ஆனால் ஓடுகிறாளே, அதைப் பாரு, நாற்பத்திரண்டு வயசில், எதுவும் தொடையில் பட்டுப் பட்டு அடிக்காமல்! நூற்றிருபது கிலோவிலிருந்து எழுபதுக்கு இறங்கினாள், தோல் மட்டும் கூட வர மாட்டேன் என்றுவிட்டது, காலி அரிசிச் சாக்கு மாதிரி தொங்கிய வயிறு, அதைச் சுருட்டிப் பேண்டுக்குள் திணிக்கவே தினம் கால் மணி, மடிப்புக்குள் புண், பவுடர், வாடை, எல்.ஆர்.டி. ரயிலில் பக்கத்து ஆள் எழுந்தால் நம்மாலதானா என்ற சந்தேகம்… போன வருஷம் வெட்டி எடுத்தார்கள், நாலு கிலோ. இப்போது இடுப்பை வளைத்து ஒரு தழும்பு, தொப்புளுக்குக் கீழே கிள்ளினால் வலி தெரியாது, தெரியாட்டி போகட்டும், ஓட முடியுதே!

போனில் புருஷன் மார்வின், "எங்க இருக்கே? சூசன் ஆன்டி மைக்கப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க லா. கட்டி ஆபரேஷன், கர்த்தர் காப்பாத்தினாரு, ரெண்டே வரி. தோலு கீலுன்னு ஆரம்பிச்சிடாதே, சிரிப்பாங்க." ஆறு வாரம் உபவாசம் இருந்து ஜெபித்த சபை, வாரம் தவறாமல் கோழி சூப் தூக்கிவந்த சூசன் ஆன்டி, எல்லாம் இல்லாத ஒரு கட்டிக்கு… தோலை வெட்டிக்கிட்டா என்று தெரிந்திருந்தால் அந்த சூப் வந்திருக்குமா? கட்டி என்று முதலில் சொன்னது யாரு… சரி, அது இப்ப எதுக்கு, ஓடு.

மைக் கைக்கு வந்தபோதும் மூச்சு வாங்கியது. "எனக்குக் கட்டி இல்ல," என்றாள். "ஸ்தோத்திரம்!" என்றது சபை மொத்தமும், சூசன் ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐயோ, குணமாயிடுச்சுன்னு நினைச்சிட்டாங்க! இதோடு விட்டால் போதும், பொய்கூட இல்லை, முன்வரிசையில் மார்வின் கையைக் காட்டுகிறான், உட்காரு, உட்காரு… எத்தனை வருஷம் உட்கார்ந்தாச்சு, மடியில் பையை வைத்து வயிற்றை மறைத்துக்கொண்டு?

"அப்படி இல்ல ஆன்டி. கட்டி எப்பவுமே இல்ல. இளைச்ச உடம்புல தொங்கின தோலை வெட்டச் சொன்னேன், வெட்டினாங்க. அதுக்கு எனக்கு வெக்கமே கிடையாது." நிறுத்தினாள். "கட்டின்னு கதை கட்டினது இவரு இல்ல. நான்தான். வெக்கம் அதுக்குத்தான்."

ஸ்தோத்திரம் வரவில்லை. மார்வின் எழுந்தான், வாசல் பக்கமா, இவள் பக்கமா, எங்கே நடக்கப்போகிறான் என்று தெரியவில்லை… பார்த்துக்கொண்டே நின்றாள், உட்காராமல்.