மாப்பிள்ளை கொண்டுவந்த கறுத்த காசு

உரைகல் என்ற பட்டப்பெயரைச் சொன்னால் அருங்காட்சியக வாசல் காவலாளிக்குக்கூட ஆளைத் தெரியும். நாணயப் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் உட்கார்ந்து, ஆற்று மணலை எண்ணி முடிக்கிற அளவுக்குக் காசு பார்த்துத் தள்ளியவர். ஒரு காசைக் கையில் வாங்கினால், அது எந்தப் பட்டறையில் அடித்தது, அடித்தவனுக்கு அன்று தலைவலி இருந்ததா என்பது வரை சொல்லிவிடுவார் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்றும் ஒரு பேச்சு.

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. மூன்றாம் மாடியில் தனி ஆளாக வாசம். அழைப்பு மணியின் பேட்டரி துருப்பிடித்துச் செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது அவருக்கே தெரியவில்லை. யாராவது வந்து அழுத்தினால்தானே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே காபியை நான்கு முறை சூடு பண்ணிக் குடிப்பார். அடுப்பங்கரைக்குப் போய்வர ஒரு காரணம் வேண்டாமா?

அப்படிப்பட்ட கதவை ஒரு காலையில் யாரோ படபடவென்று தட்டினார்கள். திறந்தால், தங்கையின் கணவர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். பதினொரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் தங்கை போனபோதுகூட இவர் கூடத்தின் இந்த மூலை, அவர் அந்த மூலை. இடையில் ஒரு ரயிலே போகலாம்.

மெக்கானிக் உட்காரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடப் போவதாகவும், விமானம் நாளைக்கு என்றும், வீட்டை ஒழித்துக்கொண்டிருப்பதாகவும் நின்றபடியே சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைக் குப்பையில போடவா, பேரனுக்குக் கொண்டுபோகவா, மச்சான்? கடைசியா ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க."

உரைகல்லுக்குப் பிரிக்காமலே தெரிந்துவிட்டது. சண்டைக்குக் காரணமான காசேதான். தண்ணீர்க் குழாய் பதிக்கக் கொல்லையில் தோண்டியபோது மெக்கானிக்குக் கிடைத்தது. ஒரு குடும்ப விருந்தில், இருபது பேர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, கல்யாணப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி அவ்வளவு ஆசையாக எடுத்து நீட்டினார். உரைகல் கண்ணாடியைக்கூட மாட்டாமல் ஒரு பார்வை பார்த்தார். மேலே வெள்ளித் தோல் அங்கங்கே உரிந்து, உள்ளே சிவப்பாகச் செம்பு. செம்புக்கு வெள்ளி முலாம் பூசிய போலி என்று சொன்னார். சொன்னதோடு நிறுத்தினாரா? மாப்பிள்ளைக்குப் பஸ் சக்கரத்துக்கும் காசுக்கும் வித்தியாசம் தெரியாது என்று ஒரு துணுக்கையும் சேர்த்தார். இருபது பேரும் சிரித்தார்கள். மெக்கானிக் சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்து போனார்.

அதற்கப்புறம் தங்கை மூன்று தடவை வந்து, இன்னொருதரம் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். நான் சொன்னால் சொன்னதுதான் என்று இவர் அனுப்பிவிட்டார்.

இப்போது உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பதினொரு வருஷத்தில் காசு மறுபடி கறுத்துப் பச்சைப் பொருக்குக் கட்டியிருந்தது. ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் தேய்ந்த எழுத்து மூன்று. விளிம்பைப் பார்த்தார். முலாம் பூசிய காசென்றால் தோலுக்கும் உடம்புக்கும் நடுவே கோடு தெரிய வேண்டும். இதில் கோடு இல்லை. செம்புக்குள்ளேயே வெள்ளி பொடிப்பொடியாகக் கலந்து கிடந்தது.

"மாப்ள, அன்னைக்கு எங்கிட்ட காட்டுறதுக்கு முன்னாடி இதை ஏதாவது பண்ணீங்களா?"

"எலுமிச்சம்பழம் போட்டு, கம்பி பிரஷ்ல தேய்ச்சேன். அழுக்கோட உங்க கையில எப்படிக் குடுக்குறது?"

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

உண்மைதான். வெள்ளி குறைந்த பழங்காசில் மேல்தோலில்தான் வெள்ளி கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். அதைத் தேய்த்தால் உள்ளே இருக்கிற செம்பு சிவந்துகொண்டு வரும். அசல் காசு அச்சு அசலாகப் போலி மாதிரி நிற்கும். அதனால்தான், கழுவினீர்களா, தேய்த்தீர்களா என்பது இந்தத் தொழிலில் முதல் கேள்வி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தலையில் அடித்துச் சொல்லிக்கொடுப்பது. முப்பத்துநான்கு வருஷத்தில் அவர் அதைக் கேட்காமல் விட்டது ஒரே ஒருவரிடம்தான்.

இருந்தாலும் முறையை விடவில்லை. காசை எடை போட்டார். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு இன்னொரு தடவை போட்டார். குறைந்த எடையால் மொத்த எடையை வகுத்தார். வெறும் செம்பு ஒன்பதைத் தாண்டாது, வெள்ளி கலந்தால்தான் ஏறும். இது அரித்துப்போன பிறகும் ஒன்பதே கால் பக்கத்தில் நின்றது. கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தார், தப்பு வந்துவிடாதா என்கிற நப்பாசையில். வரவில்லை. தடிப் புத்தகத்தைப் புரட்டினால் அதே குதிரை. அச்சில் விழுந்திருந்த விரிசல்கூட அதே காதிலிருந்து விளிம்பு வரை.

"அசல். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், மாப்ள."

மெக்கானிக் காசை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"அன்னைக்கு இருபது பேர் முன்னாடி சொன்னீங்க. இப்ப இங்க யாரு இருக்கா, மச்சான்? அவளும் இல்ல."

உரைகல் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவர் எழுந்து வெளியே போனார். எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். பக்கத்து வீட்டை, மேல் மாடியை, கீழ் மாடியை, கட்டடமே இடிந்து விழப்போகிற மாதிரி தட்டினார். தலையில் துண்டு கட்டிய அம்மா ஒருத்தி, பல்துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி ஒருவர், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஒரு வங்கிக்காரர் என்று மாடிப்படியில் கூட்டம் கூடியது. தீ விபத்தா என்று கேட்டார் பிரஷ்காரர். இந்த வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள்.

உரைகல் காசை உயர்த்திப் பிடித்தார். இது அசல் என்றார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் தன் தங்கை வீட்டுக்காரரை இருபது பேர் முன்னால் தப்பாகப் பேசி அவமானப்படுத்தியதாகச் சொன்னார். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. துண்டு கட்டிய அம்மா மட்டும், ரொம்ப சந்தோஷம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தாள். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

மெக்கானிக் விரலால் கண் ஓரத்தைத் துடைத்தார். "நாலு பேருதான் தேறுச்சு," என்றார். சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. காசைப் பொட்டலத்தில் மடித்துப் பைக்குள் வைத்தார். டாக்ஸி கீழே நிற்கிறது, இன்னும் பெட்டி கட்டவில்லை என்றார். மகன் வீட்டுத் தொலைபேசி எண்ணை உரைகல் கேட்டார். மெக்கானிக் இரண்டு தடவை சொன்னார். இவர் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிப் படித்துக் காட்டிச் சரிபார்த்தார்.

டாக்ஸி திரும்பி மறையும் வரை ஜன்னலில் நின்றார். அந்த நாட்டில் இப்போது எத்தனை மணி இருக்கும் என்று விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகுதான், மாப்பிள்ளை இன்னும் அடுத்த தெருவைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார் என்பது உறைத்தது.