முப்பத்தேழு கோடி அடி-பவுண்டு

கம்ப்ரஸரின் சத்தம் காலையிலிருந்தே சரியில்லை. ஆபரேட்டர் ஸ்டூலில் உட்காருவாள், எழுந்திருப்பாள், பிரஷர் மீட்டரின் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள், முள் அசையாததைப் பார்த்துவிட்டு மறுபடி உட்காருவாள். கூரைமேல் அவள் புருஷன், இயந்திரத்தின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர்க்குழாயில் பாசி அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்து முடித்ததும் இரும்பில் இரண்டு தட்டு கேட்டது. அவள் வால்வைத் திறந்தாள். சத்தம் கொஞ்சம் இறங்கியது.

அது ஒரு மீன் கிடங்கு. நான்கு குளிர் அறைகளுக்கும் சேர்த்து நாற்பது டன் அமோனியா இயந்திரம் ஒன்று. பத்து வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியும் அதே இயந்திரத்துக்கு ஒரே ஷிப்ட்டில். சான்றிதழ் அவளுடையது. அவன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், ஷிப்ட்டில் இரண்டாவது ஆள்.

அன்று மத்தியானம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு வருடாந்திரப் படிவத்தைக் கொடுத்தார். சட்டம் பழையது. ஒரு மணி நேரத்தில் இருபது கோடி அடி-பவுண்டுக்கு மேல் வேலை செய்யும் இயந்திரம் என்றால், பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் இருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இயந்திரத்தின் தகட்டிலோ டன் கணக்குத்தான் இருக்கும். மாற்றி எழுதுவது வருடா வருடம் அவள் வேலை. ஒரு டன் குளிர் என்றால் மணிக்குப் பன்னிரண்டாயிரம் பி.டி.யு. வெப்பத்தை வெளியே தள்ளுவது. ஒரு பி.டி.யு.வுக்கு எழுநூற்று எழுபத்தெட்டு அடி-பவுண்டு. நாற்பது டன்னுக்குப் பெருக்கினால் முப்பத்தேழு கோடியே முப்பத்துநாலு லட்சத்து நாற்பதாயிரம். எழுதிக் கையெழுத்துப் போடப் போனாள்.

மேனேஜர் காகிதத்தை அவள் பக்கமே தள்ளினார்.

"குளிரை ஏம்மா கணக்குல சேர்க்கறீங்க? வேலை செய்யறது மோட்டார். அது அறுபது குதிரைசக்தி. அதை மாத்திப் பாருங்க."

நின்றவாக்கிலேயே பெருக்கிப் பார்த்தாள். பதினொரு கோடியே எண்பத்தெட்டு லட்சம். இருபதுக்குக் கீழே; பக்கத்தில் ஒரு ஆள் போதும்.

"இத்தனை வருஷமா டன்னைத்தான் சார் மாத்தி எழுதறோம்."

"இத்தனை வருஷம் யாரும் கவனிக்கல."

கையெழுத்துப் போடாவிட்டால் இயந்திர அறையையே கான்ட்ராக்டுக்கு விட்டுவிடுவதாகவும், அவர்கள் தங்கள் ஆபரேட்டரோடு வருவார்கள் என்றும் மேனேஜர் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. வெள்ளிக்கிழமைவரை டைம் கொடுத்தார்.

இரண்டு நாள் படிவத்தை மடித்துத் தன் பையிலேயே வைத்திருந்தாள். வீட்டில் ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தாள். துவைத்த துணியையே எடுத்து மறுபடி நனைத்தாள். மூன்றாம் நாள் பஸ் பாஸைத் தேடி அவள் பையைத் துழாவிய அவனுக்குக் காகிதம் கிடைத்தது. கட்டிலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"அடி-பவுண்டுன்னா என்ன?"

ஒரு பவுண்டு எடையை ஒரு அடி உயரத்துக்குத் தூக்கினால் அது ஒரு அடி-பவுண்டு என்று சொன்னாள். அவன் தலையணையைத் தூக்கிக் கீழே வைத்தான்.

"அப்ப பத்து வருஷமா அந்த ஏணியில என்னையே நான் தூக்கிட்டுப் போனேனே, அது எந்தக் கணக்குல வருது?"

சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜர் சொன்ன கான்ட்ராக்ட் விஷயத்தைச் சொன்னாள். இரண்டு கணக்குமே சரிதான், இதில் தப்பு என்று எதைக் காட்டுவது என்று கேட்டாள். அவன் காகிதத்தை மடித்தபடியே மடித்து அவள் கையில் கொடுத்தான்.

"போட்டுடு. ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டிருக்கவா?"

வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரம் ஆய்வாளர் வந்தார். மோட்டாரின் தகட்டைப் படித்தார், படிவத்தைப் படித்தார், டீ குடித்துவிட்டு முத்திரை குத்தினார். முதல் தேதியிலிருந்து அவன் அதே கிடங்கில் லோடுமேன். உறைந்த மீன் பெட்டிகளைக் குளிர் அறையிலிருந்து லாரிக்கு இழுக்கவேண்டும். இயந்திர அறைக் கதவில் புதிதாகச் சிவப்பு எழுத்தில், ஆபரேட்டர் தவிர மற்றவர் உள்ளே வரக்கூடாது என்று எழுதி, வாசலில் ஒரு கோடும் போட்டார்கள்.

இப்போது கூரைக்கும் அவளே போகவேண்டும்; ஏறி இறங்கப் பதினொரு நிமிடம் ஆகிறது. அதுவரை மீட்டரைப் பார்க்க ஆளில்லை. ஏறும்போது கீழே என்ன ஆகிறதோ என்று பாதி ஏணியில் நிற்பாள். கீழே வந்தால் மேலே தண்ணீர் நின்றுவிட்டதோ என்றிருக்கும். சாப்பாட்டுப் பாத்திரத்தை நின்றுகொண்டே திறந்து நின்றுகொண்டே மூடினாள்.

பத்தாம் நாள் அவன் தள்ளுவண்டியோடு வாசலில் வந்து நின்றான். கோடு தாண்டவில்லை. ஒரு சீட்டை நீட்டினான். ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில், அமோனியா கசிந்தால் மாட்டிக்கொள்ள அறையிலுள்ள இரண்டு வாயு முகமூடிகளில் ஒன்றைத் திரும்ப ஒப்படைக்கும்படி ஸ்டோரிலிருந்து எழுதியிருந்தது.

அவள் ஆணியிலிருந்து அவனுடையதை எடுத்தாள். அவன் தலை சிறியது. வார் நழுவாமலிருக்கப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தான்.

"முடிச்சை அவுத்துக் குடுக்கச் சொன்னாங்க."

வாங்கி அவிழ்க்கப் பார்த்தான். குளிர் அறையில் விறைத்த விரல்கள் மடங்கவில்லை. இரண்டு தடவை முகமூடி நழுவிப் பெட்டிமேல் விழுந்தது. அவள் கோட்டுக்கு இந்தப்புறம் நின்றபடியே கை நீட்டி அதை வாங்கி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.