தையல் அறைமேல் சிவப்புக் கோடு

கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தை இணையத்தில் ஏற்றி, குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் அதன்மேல் விரலால் கோடு போடலாம், எழுதலாம் என்று வழிசெய்து கொடுத்தவன் கம்ப்யூட்டர் படித்த கடைசித் தம்பி. ஆளுக்கு ஒரு நிறம். ஜனநாயகம் என்றான். மூன்றே நாளில் படம் அம்மை கண்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. அப்பா மாடிப்படிக்கு அம்புக்குறி போட்டார். எங்கே போகிறோம் என்று அம்புக்கே தெரியவில்லை. சித்தப்பா குளியலறைமேல் "மிக நன்று" என்று எழுதிவிட்டுத் தன் கடமை முடிந்ததென்று படுத்துவிட்டார்.

தையற்காரி அக்கா அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். நான்காம் நாள் காலை அவளுடைய தையல் அறையின் குறுக்கே தடித்த சிவப்புக் கோடு. வடக்கு ஜன்னல்மேல் பெருக்கல் குறி. கீழே, "சாமான் அறை". சிவப்பு பெரிய அண்ணனுடைய நிறம்.

பதினோரு வருஷம் வாடகை வீட்டு நடையில், போகிறவர் வருகிறவர் முழங்கால் இடிக்க, கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தடவித் தடவித் தைத்தவள். புது வீட்டில் அவள் கேட்டது வெளிச்சம் வரும் அந்த ஒரு ஜன்னலைத்தான். சிவப்பை அழிக்கப் பார்த்தாள், அழியவில்லை. அவரவர் போட்டதை அவரவர்தான் அழிக்கமுடியும், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை வரும் என்று தம்பி விளக்கினான்.

அண்ணனைக் கூப்பிட்டாள். மெஷினை எங்கே தள்ளினாலும் ஓடாதா, அதற்கு எதற்கு ஒரு அறை என்று கேட்டார். அவருடைய டிவிக்கு வரைபடத்தில் தனி அறை இருந்தது. மறுநாள் காலை மேஸ்திரி வந்து, போனில் இருக்கும் படத்தைப் பார்த்தே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அண்ணனின் படுக்கையறைமேல் தன் நிறமான பச்சையில் "தையல் அறை". டிவி அறைமேல் "துணி வெட்டும் அறை". கூடம் முழுக்க "பித்தான் அறை". வாசலை மட்டும் விடுவானேன்? "அளவு எடுக்கும் இடம்".

பத்து நிமிஷத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா? முதல்ல அதை அழி."

"நீங்க போட்டதை நீங்க அழிங்கண்ணா. அப்புறம் நான் போட்டதைப் பார்க்கலாம்."

"மேஸ்திரி பார்த்தா சிரிப்பார்மா."

"பதினோரு வருஷமா என் பொழப்பு சிரிப்பா சிரிக்குது. ஒரு நாள் உங்களைப் பார்த்தும் சிரிக்கட்டும்."

சாயங்காலம் சிவப்பு மறைந்தது. இனிப் பச்சையை அழித்துவிடலாமே என்று தம்பி தூது வந்தான். அழித்தபிறகு அண்ணன் மறுபடியும் போட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அதற்கு அவன் வழிசெய்திருக்கவில்லை.

காலையில் மனைக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள். மேஸ்திரியை முதலில் தன் அறைக்குக் கோடு போடவைத்து, வடக்கில் ஜன்னலுக்கு இடம் குறிக்கும்வரை கட்டிய கையை அவிழ்க்கவில்லை. பிறகுதான் பச்சையை ஒவ்வொன்றாக அழித்தாள். டிவி அறையைக் கடைசியில், அதுவும் அண்ணன் வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக.